கொக்கி கழற்றிய இழுவைக் கப்பல்

நான் சாரங்காக, தளத்து ஆட்களுக்குத் தலைவனாக, வேலை பார்த்த இழுவைக் கப்பலைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது கொஞ்சம்தான். எங்கோ வெள்ளைக்காரர் நாட்டில் கட்டியது. சிங்கப்பூரில் சில காலம், கல்கத்தாவில் சில காலம் ஓடிவிட்டு ரங்கூனுக்கு வந்தது. முகப்புத் தகட்டில் பழைய பெயர்களின் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் பற்றவைத்துச் சுரண்டப்பட்டிருக்கும். வெயில் சாய்வாக விழும்போது பெயிண்டுக்கு அடியில் அவை தெரியும். முன்தளத்தில் வட்டமாகச் சில தடித்த போல்ட்டுகள் நின்றன. எதற்கென்று யாருக்கும் தெரியாது. நடுவில் தண்ணீர் டிரம்மை வைத்தால் அலையில் நகராது என்பதால் நாங்கள் அங்கே டிரம்மை வைத்திருந்தோம்.

அந்தக் கப்பலில் மரத் தெப்பங்களை இழுத்தோம். பிறகு மணல் ஏற்றிய பார்ஜுகளை, எஞ்சின் இல்லாத தட்டைப் படகுகளை, இழுத்தோம். சீனாவிலிருந்து புதுப் படகுகள் வந்தபின் முதலாளி இதை உடைக்க விற்றுவிட்டார். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. புதுப் படகில் கதவு மூடுகிற கழிப்பறை இருந்தது.

விற்ற செய்தி வந்த சில நாட்களில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். வெளிநாட்டு அம்மாள் ஒருவர் கப்பலைப் பார்க்க வருகிறார், கூட இருந்து காட்டு என்றார். என் தாய் சர்ச் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் என்பதால் எனக்கு இங்கிலீஷ் ஓரளவு வரும். வெளிநாட்டுக்காரர்கள் நகரத்துக்குத் தாராளமாக வந்து போய்க்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நானும் யாரோ படம் எடுக்க வருகிறவர் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். ஒல்லியான ஆள், தலையில் துணித்தொப்பி. பலகைப் பாலத்தில் கையைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு தானே ஏறி வந்தார். ஏறியதும் நேராக முன்தளத்துக்குப் போய், டிரம்மைச் சுற்றியிருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"இங்கேதான் பீரங்கி இருந்தது," என்றார்.

அன்று அவர் சொல்லித்தான் எனக்கு மற்றதெல்லாம் தெரிந்தது. உலகப் போரின்போது கடற்படைக்காக ஒரே வரைபடத்தை வைத்து வரிசையாகக் கட்டிய மீட்புக் கப்பல்களில் இதுவும் ஒன்று. டார்பீடோ பட்டு நடுக்கடலில் நிற்கிற சரக்குக் கப்பலைத் தேடிப் போய்க் கம்பி கட்டிக் கரைக்கு இழுத்து வருவதுதான் இவற்றின் வேலை. ஆட்களோடு சரக்கும் கப்பலும் வந்து சேர வேண்டும். பீரங்கி சும்மா ஒரு தைரியத்துக்கு, பெரும்பாலும் அதனால் பயனில்லை என்றார்.

இதன் கூடப்பிறந்த கப்பல்களைப் பற்றி, சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். ஒன்று வடக்கே பனிக்கடலில் பாறையில் ஏறி உடைந்தது. ஒன்றை, அது இழுத்து வந்த கப்பலோடு சேர்த்தே எதிரிகள் மூழ்கடித்துவிட்டார்கள். போர் முடிந்தபின் ஒன்று மேற்கிந்தியத் தீவுகளில் சர்க்கரை பார்ஜ் இழுத்தது. ஒன்று கிரேக்க நாட்டுக்காரர் கையில் நெடுநாள் ஓடியது. ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் எஞ்சினை எடுத்துவிட்டு ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியாக வைத்திருந்தார்கள். அவர் பார்க்கப் போனபோது அதுவும் சேற்றில் கவிழ்ந்து கிடந்ததாம்.

"உங்க அப்பா இதுல வேலை பார்த்தாரா, மேடம்?" என்று கேட்டேன்.

"இல்லை. இப்படி ஒன்று அவரை இழுத்துக்கொண்டு வந்தது."

அவருடைய தகப்பனார் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை ஆள். கப்பல் இரண்டாகப் பிளந்து முன்பாதி போய்விட்டது. பின்பாதி மிதந்துகொண்டிருந்தது. இந்த வரிசையில் ஒரு கப்பல் வந்து, அந்தப் பாதியைப் பல நாள் இழுத்துக் கரை சேர்த்தது. அவருக்கு இரண்டு கையும் வெந்து போயிருந்தன. அதனால் அவரை மட்டும் மீட்புக் கப்பலுக்கு மாற்றிவிட்டார்கள். யாரோ ஒருவர் கரண்டியால் சூப் ஊட்டியதும், தலைமாட்டில் ஒரு வட்டச் சன்னல் இருந்ததும்தான் அவருக்குக் கடைசிவரை ஞாபகம் இருந்தது. கப்பலின் பெயரை அவர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

"அப்ப அது இந்தக் கப்பல்தானா?"

"தெரியாது," என்றார். "அந்தக் கடலில் இந்த வரிசையில் நாலைந்து கப்பல்கள் இருந்தன. எதுவாகவும் இருக்கலாம். இப்போது மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். அதனால் வந்தேன்."

சமையலறைக்கு அடுத்த அறையைக் காட்டினேன். குழாயால் செய்த படுக்கைகள் மூன்று மூன்று அடுக்காகச் சுவரோடு இருக்கும். எங்கள் ஆட்களுக்கு அத்தனை படுக்கை தேவையில்லை. மேலடுக்குகளில் கயிறும் வெங்காய மூட்டையும் கிடந்தன. கீழே ஒன்றில் நான் படுப்பேன். மீட்டெடுத்தவர்களைப் படுக்க வைக்கும் அறை இது என்றார் அவர். வட்டச் சன்னல் பக்கம் இருந்த படுக்கையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அது நான் படுக்கிற இடம். இடுப்பில் கட்டுகிற என் லோஞ்சி அங்கே காய்ந்துகொண்டிருந்தது. எடுக்கப் போனேன். இருக்கட்டும் என்றார்.

மறுநாள் காலை கடல்நீர் ஆற்றில் ஏறுகிற ஏற்றத்தில் கப்பலை எதிர்க்கரையில், ஆற்றின் மேல்பக்கம் இருந்த உடைக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேற்றில் ஏற்ற வேண்டும். தானும் வரலாமா என்று அவர் கேட்டார். கப்பித்தான் பர்மாக்காரர், அதிகம் பேசாதவர். அந்த அம்மாளை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அமே வரட்டும், நாற்காலி போடுங்க," என்றார். அமே என்றால் பர்மிய மொழியில் அம்மா. அப்போதிருந்து எல்லோரும் அவரை அப்படியே கூப்பிட்டோம்.

அதற்குள் கப்பலில் பாதிச் சாமான் போய்விட்டது. பின்தளத்தில் இழுவைக் கொக்கி இருந்த இடம் காலியாக இருந்தது. நல்ல இரும்பென்று முதலாளி தனியாக விற்றிருந்தார். அதைவிடப் பெரிய சங்கடம் எஞ்சின் அறையில். அந்தப் பழைய எஞ்சினை ஒவ்வொரு தடவையும் அழுத்தக் காற்றால் தட்டித்தான் எழுப்ப வேண்டும். கப்பித்தான் மேலிருந்து மணி அடித்து, முன்னால் ஓடுகிறதை நிறுத்திப் பின்னால் ஓட்டச் சொன்னாலும் திரும்பக் காற்று வேண்டும். காற்று நிரப்புகிற கம்ப்ரசரையும் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். காற்றுப் பாட்டிலில் மிச்சம் கிடந்ததை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

எஞ்சின் டிரைவர் தமிழர், ரங்கூன் தாமுவேயில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கிளம்பி நடு ஆற்றுக்கு வந்தபின் மேலே வந்து என்னிடம் சொன்னார்: "தம்பி, பாட்டில்ல இன்னும் ரெண்டு தட்டுக்குத்தான் காத்து கெடக்கு. கப்பித்தான்கிட்ட சொல்லிரு. சும்மா சும்மா மணி அடிக்க வேணாம்."

"நேராப் போய்ச் சேத்துல ஏத்துறதுதானேண்ணே. வேற என்ன வேலை?"

"சொல்லி வச்சிருங்கிறேன்."

கப்பித்தானிடம் சொன்னேன். தலையசைத்தார்.

அப்போதுதான் அந்தப் படகைப் பார்த்தோம். எதிர்க்கரையிலிருந்து நகரக் கரையில் இருக்கிற அலோனுக்கு ஆள் ஏற்றி வருகிற மரப்படகு. லைங் தாயா பகுதித் தொழிற்சாலைகளுக்குப் போகிற பெண்கள்தான் அதில் அதிகம். இந்தப் பக்கம் வந்து கம்பெனி பஸ் பிடிப்பார்கள். எஞ்சின் நின்றுபோய், படகு குறுக்காகத் திரும்பி ஏற்ற நீரோடு போய்க்கொண்டிருந்தது. படகோட்டி கயிற்றைச் சுற்றிச் சுற்றி எஞ்சினை இழுத்துக்கொண்டிருந்தார். ஆற்றில் கொஞ்சம் மேலே மணல் பார்ஜுகள் நங்கூரம் போட்டு நின்றன. ஓடுகிற நீரில் நிற்கிற பார்ஜின் மூக்குக்கு அடியில் போன சின்னப் படகு வெளியே வராது. இந்த ஆற்றில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் அது தெரியும். அந்தப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. யாரும் கத்தவில்லை. சாப்பாட்டு அடுக்குகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்ஜையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கப்பித்தான் சுக்கானைத் திருப்பினார்.

பார்ஜுகளுக்கும் படகுக்கும் நடுவில் போய் நிற்க வேண்டுமானால் எஞ்சினைப் பின்னால் ஓட்டித்தான் ஆக வேண்டும். மணி அடித்தார். கீழே எஞ்சின் நின்று, இருமி, பின்னால் பிடித்தது. கப்பல் முழுக்க நடுங்கியது. பேச்சுக்குழாய் வழியாகக் கீழிருந்து டிரைவரின் குரல் வந்தது.

"இன்னும் ஒண்ணுதான்."

நான் வீசுகயிற்றை எறிந்தேன். முதல் தடவை தண்ணீரில் விழுந்தது. இரண்டாவது தடவை முன்னால் இருந்த பெண் பிடித்துப் பலகையில் கட்டப் போனாள்.

"அதுல கட்டாதே, பிஞ்சிரும்," என்று பர்மிய மொழியில் கத்தினேன். "மூக்குக் கட்டையில கட்டு. மூக்குல."

கட்டினாள். கொக்கி இல்லாததால் கயிற்றை ஓரத்து இரும்புத் தூணில் இரண்டு சுற்றுப் போட்டு இழுத்தேன். அந்த நீர்வேகத்தில் தனி ஆளால் முடியவில்லை. கையில் கயிறு வழுக்கியது. பின்னால் யாரோ சேர்ந்து இழுப்பது தெரிந்தது. மற்ற ஆட்கள் பக்கவாட்டில் டயர்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் அமே. தொப்பி எங்கோ போயிருந்தது. காலைத் தளத்து விளிம்பில் ஊன்றிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தார்.

"கைய விடுங்க மேடம், கயிறு சுட்டுரும்," என்றேன். அவசரத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். அவர் விடவில்லை.

படகு பக்கத்தில் ஒட்டியது. பெண்கள் டயரில் கால் வைத்து ஒவ்வொருவராக ஏறினார்கள். எங்களையும் சேர்த்து நீர் பார்ஜை நோக்கித்தான் கொண்டுபோனது. எல்லோரும் ஏறும்வரை கப்பித்தான் காத்திருந்தார். பார்ஜின் சங்கிலியில் ஒட்டியிருந்த குப்பை தெளிவாகத் தெரிகிற தூரத்தில், கடைசி மணியை அடித்தார்.

எஞ்சின் உடனே பிடிக்கவில்லை. காற்று சீறுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு ஒரு சிலிண்டர் வெடித்தது, இன்னொன்று வெடித்தது, கறுப்புப் புகை கக்கிக்கொண்டு கப்பல் முன்னால் நகர்ந்தது. காலிப் படகின் பின்பக்கம் பார்ஜில் இடித்து ஒரு பலகை போயிற்று. அவ்வளவோடு தப்பினோம்.

இனிமேல் எஞ்சினை நிறுத்தினால் நிறுத்தியதுதான். அலோன் படகுத்துறைக்கு நேராக வந்து, எஞ்சினை நிறுத்தச் சொல்லி, நங்கூரத்தை விடச் சொன்னார் கப்பித்தான். சங்கிலியைப் பிடித்திருந்த துருப்பிடித்த ஆணியைச் சுத்தியலால் அடித்துத் தள்ளினேன். சங்கிலி ஓடியது. கப்பல் நின்றது.

சின்னப் படகுகள் வந்து ஆட்களை இறக்கத் தொடங்கின. ஒரு பெண்ணுக்கு மட்டும் எழுந்திருக்க முடியவில்லை. கயிறு கட்டினவள்தான் அவள். அதுவரை நன்றாக இருந்தவளுக்கு இப்போது கைகால் உதறல் எடுத்தது. அவளை அந்த அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். வட்டச் சன்னல் பக்கம், என் படுக்கையில். என் லோஞ்சியைப் போர்த்திக்கொண்டாள். கன்னத்தில் பூசியிருந்த தனகா மரப்பட்டைச் சாந்து பாதி கரைந்திருந்தது.

அமே வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கயிறு உரசி அவருடைய உள்ளங்கை சிவந்திருந்தது. அந்தப் பெண்ணையும் சன்னலையும் பார்த்தார். பிறகு என்னிடம், "தேநீர் இருக்கிறதா?" என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன். அந்தப் பெண்ணால் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. அமே உள்ளே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கரண்டி கேட்டு வாங்கினார்.

நான் வெளியே வந்துவிட்டேன்.

ஏற்றம் தவறிவிட்டது. முதலாளி போனில் கப்பித்தானைக் கண்டபடி பேசினார். உடைக்கிற ஆட்கள் கரையில் காத்து நின்றார்களாம். கப்பித்தான் ஹௌகே, ஹௌகே என்று எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டு போனைச் சட்டைப்பையில் போட்டார். மறுநாள் புதுப் படகு ஒன்று வந்து எங்களை இழுத்துப் போனது. இழுவைக் கப்பலை இழுத்துப் போவதைப் பார்த்து டிரைவர் அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அமேயும் அன்று கூட வந்தார், நாற்காலியில் உட்கார்ந்து. கப்பல் சேற்றில் ஏறி நின்றதும், ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். ஒரு போல்ட்டாவது கழற்றித் தருவோம் என்றிருந்தேன். வேண்டாம், விமானத்தில் பிரச்சினை செய்வார்கள் என்றார்.

உடைத்து முடித்ததும் தெரிவிக்கச் சொல்லியிருந்தார். தகடு கனம் என்பதால் நாள் பிடித்தது. முடிந்தது என்று போனில் செய்தி அனுப்பினேன். ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது. கப்பலைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்தப் பெண் அன்றைக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று கேட்டிருந்தார்.

எனக்குத் தெரியவில்லை. துறைக்குப் போய்ப் படகோட்டியிடம் விசாரித்தேன். பின்பக்கம் புதுப்பலகை அடித்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் பஸ்ஸைத் தவறவிட்டு, வேறு வண்டி பிடித்துப் போயிருக்கிறாள். நேரமாகிவிட்டதென்று தொழிற்சாலைக் கேட்டைச் சாத்திவிட்டார்களாம். திரும்பி வந்து, அதற்குள் சரிசெய்திருந்த தன் படகிலேயே வீட்டுக்குப் போனாள் என்றார். அதை அப்படியே எழுதி அனுப்பினேன்.