சொல்லாமல் வைத்த பரீட்சை

ஹோட்டல் சலவைக்கூடத்தில் அவருக்கு மடிப்பு என்று பெயர். அவர் தேய்த்துக் கொடுத்த பேன்ட்டில் எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்தாலும் மடிப்பு கலையாது என்பதால் தமிழ் ஆட்கள் வைத்த பெயர் அது. மனைவிக்கு அதில் பெருமை தாங்காது. தான் வேலை பார்த்த துணி திருத்தும் கடைக்கு வருகிறவர்களிடம் பேசிப் பேசியே அவள் பிழைக்க வந்த அந்த நாட்டுப் பாஷையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கோ அது தலையில் ஏறவே இல்லை. வீட்டை விட்டு வெளியே வந்தால் அவருடைய வாய் அவள்தான்.

அவருக்குக் கிட்னி கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகி வருகிறது என்று கண்டுபிடித்தவர் தெருக்கோடி டாக்டர். நல்ல மனிதர்தான், ஆனால் நாம் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் கண் அடுத்த ஆளைத் தேட ஆரம்பித்துவிடும். அந்த நாட்டில் கிட்னி டாக்டரிடம் நாமாகப் போய் நிற்க முடியாது. இவர் எழுதிக் கொடுத்தால்தான் அங்கே கதவு திறக்கும். இப்போதைக்கு அவசியமில்லை, அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்ப்போம், அதில் கழிவு இந்த அளவைத் தாண்டினால் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார்.

வினை இங்கேதான் ஆரம்பித்தது. அளவு தாண்டினால் பெரிய டாக்டர், பெரிய டாக்டர் என்றால் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மெஷின் என்று அவள் மனதில் பதிந்துபோயிற்று. அங்கே போனவர்கள் யாரும் மெஷின் இல்லாமல் திரும்பியதில்லை என்று மாடி வீட்டுக்காரி வேறு கிளப்பிவிட்டிருந்தாள். மெஷினில் உட்கார்ந்தால் வேலை போகும், வேலை போனால் விசா போகும். ஆகவே பெரிய டாக்டரிடம் அனுப்பாதபடி அவரைக் காப்பாற்றுவதுதான் தன் பொறுப்பு என்று முடிவு கட்டிக்கொண்டாள். காப்பாற்றவும் செய்தாள், பாவம்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பரீட்சைக்குத் தயார் பண்ணுகிற மாதிரிதான் தயார் பண்ணினாள். ரத்தம் எடுக்கப் போகிற வாரம் வந்துவிட்டால் சாப்பாட்டில் உப்பு கிடையாது, கறி கிடையாது. கடைக்கு லீவு போட்டுவிட்டுத் தண்ணீர்ச் செம்போடு பக்கத்திலேயே இருப்பாள். நாள் முழுக்க இஸ்திரிப்பெட்டியை இழுத்த தோள் ராத்திரியில் குடைவதால், அவர் தட்டுக்குப் பக்கத்தில் தினமும் ஒரு வலி மாத்திரை வைப்பது அவள் வழக்கம். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிற மாத்திரை. அந்த வாரம் மட்டும் அதையும் நிறுத்திவிடுவாள். பரீட்சை நேரத்தில் உடம்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவளாகப் போட்ட சட்டம். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டால், இல்லை என்பாள். அவளைப் பொறுத்தவரை அது பொய்யே இல்லை.

அளவு ஒவ்வொரு தடவையும் கோட்டுக்கு ஒரு நூல் இந்தப் பக்கமே நின்றது. படி இறங்கும்போதே அவர் "பாஸா?" என்பார். "பாஸ்" என்பாள். அன்று ராத்திரி உப்பு போட்டுக் கறிக்குழம்பு வைப்பாள். தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரை திரும்ப வந்து உட்காரும்.

பிறகு ஒரு நாள் பட்டப்பகலில், தேய்த்துக்கொண்டிருந்தவர் மூச்சு வாங்கிக் கீழே சரிந்தார். கால் வீங்கி ஷூவைக் கழற்ற முடியவில்லை. ஆஸ்பத்திரியில் யாரையும் கேட்காமல் ரத்தம் எடுத்தார்கள். சொல்லாமல் வைத்த பரீட்சை. அதில் அவர் தேறவில்லை.

அங்கிருந்து நேராகக் கிட்னி டாக்டரிடம் அனுப்பினார்கள். அவள் இத்தனை காலம் நடுங்கிக்கொண்டிருந்த பெரிய டாக்டர், தலை நரைத்த ஒரு அம்மா. நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, வீங்கின காலைத் தானே குனிந்து தொட்டுப் பார்த்தார். இவ்வளவு மோசமான கிட்னிக்கு முந்தைய கணக்கெல்லாம் எப்படி இவ்வளவு நன்றாக இருக்கிறது என்று கேட்டார். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். மாத்திரை என்றதும் அந்த அம்மா நிமிர்ந்து, என்ன மாத்திரை என்றார். கைப்பையில் இருந்த அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

டாக்டர் அதைப் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை. பழுதான கிட்னியை இந்த மாத்திரை இன்னும் கெடுக்கும், நிறுத்தின வாரத்தில் அது கொஞ்சம் தேறியிருக்கிறது, அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை என்றார். ஆரம்பத்திலேயே என்னிடம் வந்திருந்தால் இந்த மாத்திரையை அன்றைக்கே நிறுத்தி, மெஷின் இல்லாமல் பல வருஷம் ஓட்டியிருக்கலாம், இனி மெஷின்தான் என்றும் சொன்னார்.

"என்னம்மா சொல்றாங்க?" என்றார் அவர்.

அவள் மறைத்திருக்கலாம். அந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் எல்லாவற்றையும் சொன்னாள். "நான்தாங்க. என் கையாலயே உங்களைக் கெடுத்துட்டேன்" என்றாள்.

அவர் தன் வீங்கின காலைத் தடவிக்கொண்டார். "வருஷத்துல எனக்குப் பிடிச்சதே அந்த வாரம்தான்" என்றார். "நீ வேலைக்குப் போகாம என் பக்கத்துலயே இருப்ப." அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் டாக்டர் பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டினார்.

"அவங்க உன்னைத் தப்பா நினைச்சுக்கப் போறாங்க. அந்த மாத்திரையை நானே உனக்குத் தெரியாம வாங்கித் தின்னேன்னு சொல்லிடு."

அவர் என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார். புருஷன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். இத்தனை வருஷம் அவருக்கு வாயாக இருந்தவளுக்கு, அந்த ஒன்றை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.