ஜெஸிமாவின் ஊதா பிலிம்

என் மனைவி ஜெஸிமா தினமும் செஞ்சியில் பஸ் ஏறி, விழுப்புரம் பக்கம் ஒரு கல்லூரிக்கு ஆராய்ச்சி செய்யப் போகிறாள். அவள் கையில் இருப்பது கண்ணாடித்தாள் மாதிரி ஒரு பிலிம். வெயில் பட்டால் அதற்குள் இருக்கும் மூலக்கூறு வடிவம் மாறி, பிலிம் ஊதாவாகும். அதையே வெளிச்சமில்லாமல், காதுக்குக் கேட்காத அல்ட்ராசவுண்டால் மாற்ற வேண்டும். வெளிச்சம் நுழையாத உடம்புக்குள்ளும் ஒருநாள் உதவும் என்பாள். "ஊதா ஆனா இன்னா, பச்சை ஆனா இன்னா?" என்று கேட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு தாமதமாகும்.

அவள் டாக்டர் பட்டமே இதை நம்பித்தான் இருந்தது. பிலிமோ ஒலிக்கு நிறம் மாறவே இல்லை. ஒருநாள் வெளிச்சம் படாமல் பிலிமை வைக்கும் பெட்டியின் மூடி உடைந்துவிட, ஆணியில் மாட்டியிருந்த தன் கறுப்பு புர்காவை மேலே போட்டு மூடி ஒலியைச் செலுத்தினாள். பிலிம் ஊதாவானது. செய்தி வந்ததும் என் செல்போன் ரிப்பேர் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஜாங்கிரி கொடுத்தேன்.

கூடப் படிக்கும் தளவானூர் மஞ்சுதான் கேட்டாள்.

"ஒலியே போடாம, புர்கா மட்டும் மூடிப் பாத்தியா ஜெஸி?"

பார்த்தாள். அப்போதும் ஊதாதான். ஜன்னல் வெயில் மெல்லிய துணி வழியாகவே உள்ளே போயிருக்கிறது. இந்த முடிவை எழுதிய கட்டுரையை அனுப்ப இரண்டு நாள்தான் இருந்தது. ஜெஸிமா அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். மஞ்சு மண் அள்ளிப் போட்டுவிட்டாள் என்று நான் கத்தினேன்.

"கத்தாதீங்க. அவ கேக்கலன்னா பொய்யை அனுப்பி இருப்பேன்" என்றாள் ஜெஸிமா.

கட்டுரையை நிறுத்திவிட்டாள். மஞ்சு லீவு நாளிலும் வந்து உட்கார்ந்தாள். ஒலி இழுத்தால் திறக்கும்படி மூலக்கூறை பிலிமின் நீண்ட பிளாஸ்டிக் இழைகளின் நடுவே வைத்து, இருவரும் புது பிலிம் செய்தார்கள். இந்த முறை தகரப் பெட்டி, இறுக்கமான மூடி. ஒலி இல்லாதபோது பிலிம் நிறமில்லாமலே கிடந்தது. ஒலி போனதும் லேசாக ஊதா பூத்தது. திரும்பத் திரும்பச் செய்தும் அதேதான்.

ஜெஸிமா போனில் சொன்னபோது நான் மஞ்சுவிடம் கொடுக்கச் சொன்னேன். கத்தியதெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

"உன்னாலதாம்மா இவ தலை நிமிர்ந்து நிக்கிறா. உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல" என்றேன்.

"அதெல்லாம் வாணாண்ணா. போன வருஷம் நானும் இப்படித்தான் தப்பான ரிசல்ட்டை அனுப்பிட்டேன். அப்புறம் நானே வாபஸ் வாங்கினேன். அன்னிக்கு என்னை இப்படி ஒரு கேள்வி கேக்கறதுக்கு யாரும் இல்ல."