மேசை விளிம்பில் பதினொரு ஆணிகள்

வடிவமைப்பு வரலாறு எழுதுகிறவள், கண்காட்சிகள் தொகுக்கிறவள் என்று என்னை மேடைகளில் அறிமுகப்படுத்துவார்கள். அந்தப் பெயரை எனக்கு வாங்கித் தந்தது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. அதன் நீண்ட விளிம்பில் பதினொரு பித்தளை ஆணிகள். மூலையிலிருந்து முதலில் பெரிய இடைவெளி, பிறகு நெருக்க நெருக்கமாக. ஒல்லாந்தர் காலத்துப் பெட்டகங்களின் அலங்காரம் இதில் தொடர்கிறது என்று நான் எழுதிய முதல் கட்டுரையைக் கொழும்பில் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பிறகு யார் வீட்டுக்குப் போனாலும், இந்தச் சாமான் எங்கிருந்து வந்தது என்று துருவித் துருவிக் கேட்பதே என் தொழிலாகிவிட்டது. என் வீட்டில் மட்டும் கேட்டதில்லை.

போன வருடம் நல்லூரில் கண்காட்சி வைத்தபோது அந்த மேசையை நடுவில் போட்டேன். ‘செய்தவர்: தெரியவில்லை. உதவியது: தொகுப்பாளரின் குடும்பம்’ என்று ஓர் அட்டை. இரண்டாம் நாள் காலை, முக்காடு போட்ட ஒரு பெண் அதனருகே நெடுநேரம் நின்றார். என் வயதுதான் இருக்கும். நான் போய் ஒல்லாந்தர் கதையை அவிழ்த்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

“அது அலங்காரமில்லை, மிஸ். என்ரை வாப்பா அடிச்ச ஆணி. யாழ்ப்பாண ரவுணிலை எங்களுக்குத் தையல்கடை இருந்தது. ஒண்டாம் வகுப்பிலையிருந்து பதினொண்டு மட்டும் பள்ளிக்கூடச் சட்டையின்ரை நீளம் இது. துணியை விரிச்சு, ஆணியைப் பாத்து வெட்டுவார்.”

ஐந்தாவது ஆணியைத் தொட்டார். “நான் இதிலை நிக்கேக்கைதான் எங்களைப் போகச் சொன்னது.”

தொண்ணூறில் முஸ்லிம்களை யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றிய பிறகு, அவர்கள் விட்டுப்போன சாமான்கள் கைமாறின. அப்பா இந்த மேசையை வண்டிலில் ஏற்றி வந்தபோது நானும் ஐந்தாம் வகுப்பு. எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. தெரிந்ததால்தான் வீட்டில் கேட்கவில்லை.

அவர் மேசைப் பலகைக்கு அடியிலிருந்த லாச்சியை இழுத்துப் பார்த்தார். “இதுக்குள்ளை துணியிலை கோடு போடுற நீலச் சோக்கு ஒரு பெட்டி இருந்தது. திரும்பி வருவம் எண்டு வாப்பா வைச்சிட்டு வந்தவர். கண்டனீங்களோ?”

“இல்லை” என்றேன்.

“ஓம், எவ்வளவு காலம்” என்று சொல்லி லாச்சியைச் சாத்தினார். மேசையைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர் வாசல் படலையைத் தாண்டும்வரை அந்த வாப்பாவின் பெயரைக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அந்தச் சோக்கால் எங்கள் வீட்டு விறாந்தையில் கட்டத்துக்குக் கட்டம் கெந்தி விளையாடக் கோடு போட்டவள் நான். பெட்டி முடியும்வரை போட்டேன்.