கண்ணாடி மாளிகையில் ஒடிந்த டேலியா

நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாயிற்று. எழுத்தில் பிழை இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வயசும் ஆகிவிட்டதால் முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லியிருப்பேன். அதையும் சேர்த்துத்தான்.

போன வருஷம் மகன் என்னைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனான். அவனுக்கு வேலை ஓயவில்லை. மருமகள்தான் கூடவே வந்து ஊரைச் சுற்றிக் காட்டினாள். வானத்தைத் தொடுகிற கட்டிடம், கீழே ஓடுகிற ரயில் எல்லாம் பார்த்தேன். ஒரு நாள் கண்ணாடிக்குள்ளேயே காடு மாதிரி ஒரு பூந்தோட்டத்துக்குள் கூட்டிப் போனாள். உள்ளே சில்லென்று இருந்தது. நான் ஒரு பூவுக்குக் கிட்டே குனிந்தேன்.

"அத்தை, கைய வெக்காதீங்க. இங்க எதுக்கெடுத்தாலும் ஃபைன் போட்டுருவாங்க" என்றாள் மருமகள்.

சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "என்னங்க அத்தை, பள்ளிக்கூடத்துப் புள்ளையாட்டம் கையக் கட்டிக்கிட்டீங்க?" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்து மழுப்பினேன். எனக்கு வாயால் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு எட்டு வயசு இருக்கும். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டிலும் டீச்சர்தான். சோற்றைச் சிந்தினாலும் கேள்வி, தலை வாராவிட்டாலும் கேள்வி. சேலத்தில் ஹாஸ்டலில் இருந்து டிரெயினிங் படித்தவள். அந்தப் படிப்பு முடிவதற்குள் ஊரில் அவள் வயசுப் பெண்களுக்கெல்லாம் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பிறந்துவிட்டது.

அத்தைக்கு ஒரு இடம் வந்தது. பாலக்கோட்டுப் பக்கத்துக் குடும்பம். மாப்பிள்ளை பெங்களூரில் லால்பாக் தோட்டத்தில் வேலை. பெண் பார்க்க அவருடைய அம்மாவும் தாய்மாமனும் மட்டும் வந்தார்கள். பூக்கண்காட்சி வருகிறது, லீவு கிடைக்காது என்றார்கள். வந்த அம்மா ஒரு தட்டு பஜ்ஜி தீருகிற வரைக்கும் மகன் பெருமையைப் பேசினார். கண்ணாடி மாளிகையில் டேலியாப் பூவுக்கு அவர்தான் காவலாம். அங்கே நம் பக்கத்து ஆள் அவர் ஒருத்தர்தானாம்.

பதிலுக்கு அப்பா அவர்கள் ஊருக்குப் போய் வந்தார். வீட்டைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தார். மாப்பிள்ளையை மட்டும் பார்க்கவில்லை. எல்லாம் திருப்தி என்று வந்து சொன்னார். அத்தையைக் கேட்காமல், டிரெயினிங் ஸ்கூலில் எல்லாரும் வரிசையாக நின்று எடுத்த போட்டோவையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"அதுல எம் மூஞ்சி ராகி அளவுதான் இருக்கும். எனக்கே தேடித்தாங்கண்ணா கண்டுபிடிக்கணும்" என்றாள் அத்தை.

"தேடட்டும். தேடுனாத்தான் மதிப்பு" என்றார் அப்பா.

"சரிங்கண்ணா. நான் எதுல தேடறது?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஆடி கழியட்டும், ஆவணியில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார். வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த வாரமே அத்தை பெங்களூருக்குப் போய்ப் பூக்கண்காட்சி பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தாள். கூடப் படித்த டீச்சர் ஒருத்தி அங்கே இருக்கிறாள், ஒரு ராத்திரி தங்கிக்கொள்ளலாம், பிள்ளைகளுக்குப் பூவைப் பற்றிப் பாடம் நடத்த உதவும் என்றாள். கல்யாணத்துக்கு நின்ற பெண் தனியாகப் போவதா என்று அப்பா குதித்தார். அதற்கு எங்கள் ஊரில் ஒரு வழி உண்டு. கையில் ஒரு சின்னப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டால் அவள் தனியாள் இல்லை. அந்தத் துணைதான் நான். பஸ் ஏறினால் வாந்தி எடுக்கிற துணை.

"பூவைப் பாக்கப் போறாளா, பூவுக்குக் காவலு நிக்கறவரைப் பாக்கப் போறாளா?" என்று அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"போங்கண்ணி" என்று அத்தை கட்டுச்சோற்றைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவள் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். பெண் பார்க்க வருவது உண்டு. பெண் போய்ப் பார்ப்பது என்பது எங்கள் ஊரில் யாரும் கேள்விப்படாதது. அதைச் செய்யத்தான் அத்தை போகிறாள் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் பூவைப் பார்க்கத்தான் போனேன்.

பெங்களூர் அப்போது எங்களுக்கு வெளிநாடுதான். மைசூர் ராஜ்யம் என்பார்கள். ஓசூரைத் தாண்டியதும் கடைப் பலகை எழுத்தெல்லாம் வட்டம் வட்டமாக மாறிவிட்டது. நான் கிருஷ்ணகிரியில் ஒரு தரம், ஓசூரில் ஒரு தரம் வாந்தி எடுத்துவிட்டுச் சுத்தமாக இருந்தேன். ஊருக்குள் மாடி பஸ்ஸைப் பார்த்து, மேலே இருக்கிற பஸ்ஸுக்கு டிரைவர் எங்கே என்று கேட்டேன். எப்போதும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிற அத்தை அன்றைக்கு அதைக் காதிலேயே வாங்கவில்லை. சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டே வந்தாள்.

லால்பாக்கில் கூட்டமான கூட்டம். பச்சை வர்ணம் அடித்த இரும்புத் தூண்கள், மேலெல்லாம் கண்ணாடி. உள்ளே படி படியாகத் தொட்டி அடுக்கி டேலியா வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். ஒரு தூணுக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டை, தொப்பியோடு உயரமாக ஒருத்தர் பிரம்பு வைத்துக்கொண்டு நின்றார். கூட்டத்துக்குக் கன்னடத்தில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

அத்தை ரொம்ப நேரம் அந்த வரிசையிலேயே நின்றாள். மற்ற பூவெல்லாம் இருக்கிறதே என்று நான் இழுத்தேன். வரவில்லை. அப்புறம் குனிந்து என் காதில் சொன்னாள்.

"அந்த மஞ்சப் பூவத் தொட்டுப் பாரேன் கண்ணு."

எனக்கு நம்ப முடியவில்லை. பள்ளிக்கூடத்துச் செம்பருத்தியைத் தொட்டதற்கே என்னை வெயிலில் நிற்க வைத்தவள் அவள். "அடிப்பாங்க அத்தை" என்றேன்.

"அடிக்கறாங்களான்னு பாக்கலாம்" என்றாள்.

தொட்டேன். தொட மட்டும்தான் செய்தேன். பெரிய பூ, தண்டு சன்னம். மளுக்கென்று கழுத்தோடு ஒடிந்து என் கைக்கு வந்துவிட்டது.

"முட்டபேடா!" என்று அவர் கத்திக்கொண்டு வந்தார். தொடாதே என்று அர்த்தமாம். தொட்டு முடிந்து, பறித்தும் ஆயிற்று. நான் "அத்தே!" என்று அலறினேன். அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. தொட்டால் திட்டுவாரா, தன்மையாகச் சொல்லுவாரா என்று பார்க்க நினைத்தவள் இதை எதிர்பார்க்கவில்லை. அதற்குள் சத்தம் கேட்டு அவருடைய மேஸ்திரி வந்துவிட்டார். குண்டான ஆள், பெரிய மீசை. பரிசுக்கு வைத்திருந்த பூவாம் அது.

காக்கிச் சட்டைக்காரர் என் கையிலிருந்த பூவை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். மேஸ்திரியிடம் கன்னடத்தில் நிதானமாக என்னவோ சொன்னார். பூவாளியைக் காட்டினார், தன் முழங்கையைக் காட்டினார். தண்ணீர் ஊற்றும்போது தன் கைதான் பட்டுவிட்டது என்கிறார் என்று எனக்கே புரிந்தது. மேஸ்திரி அத்தனை பேர் முன்னாலும் அவரைப் பிடித்துக் கத்தினார். வேலையை விட்டே அனுப்பிவிடுவார் போலிருந்தது. அத்தை "இல்லைங்க, அது வந்து..." என்று ஒரு அடி முன்னால் வைத்தாள். அவர் அவளைப் பார்க்காமலேயே, பின்னால் கையை மட்டும் ஆட்டி, வேண்டாம் என்று காட்டினார்.

மேஸ்திரி போனதும் அவர் எனக்குச் சமமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எந்தூரு கண்ணு?" நம் பேச்சு!

"பாப்பாரப்பட்டிங்க" என்று மூக்கை உறிஞ்சினேன்.

"பாப்பாரப்பட்டியா? அங்க பூவெல்லாம் இப்படித்தான் கழுத்த ஒடிச்சுப் பறிப்பீங்களா?" என்று சிரித்தார். எழுந்து அத்தையிடம், "பயப்படாதீங்க. சம்பளத்துல புடிச்சா புடிச்சுக்கட்டும், பூவு நாளைக்கே இன்னொண்ணு பூக்கும். நீங்க போய் மிச்சத்தையும் சுத்திப் பாருங்க டீச்சர்" என்றார்.

அத்தை என் கையை அப்படி இறுக்கினாள், எனக்கு வலித்தது. டீச்சர் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவே இல்லை. டீச்சர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்பது என் எண்ணம். எனக்குத் தெரிந்ததே!

மிச்சத்தைச் சுற்றிப் பார்த்தோமா என்று கேட்டால் ஞாபகமில்லை. அத்தை கடலை வாங்கிக் கொடுத்தாள், அதை உரித்துத் தின்றது ஞாபகம் இருக்கிறது. மறுநாள் திரும்பும்போது பஸ்ஸில் அவள் தானாகவே சிரித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். மறுபடி சிரித்தாள். ஆவணியில் வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். கல்யாணத்தன்று மணவறையில் அவரைப் பார்த்ததும் நான் "பூக்காரரு!" என்று கத்த, அம்மா என் வாயைப் பொத்தினாள். மாமா தன் மாலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இதையும் ஒடிச்சிராத பாப்பா" என்றார்.

மாமா தவறி நாலைந்து வருஷம் ஆகிறது. நல்ல மனுஷர். அத்தை மகளோடு பெங்களூரில்தான் இருக்கிறாள். சிங்கப்பூரில் நான் கையைக் கட்டிக்கொண்ட கதையைப் போனில் சொன்னேன். அத்தை சிரிக்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

"ஏன் கண்ணு, நீ தொடறதுக்கு முன்னாலயே உங்க மாமா நம்மளப் பாத்துட்டாரா?"

"ஏங்க அத்தை?"

"இல்ல, அந்தப் போட்டோவ வெச்சு என்னை அடையாளம் கண்டுக்கிட்டு அப்பறம் பழிய ஏத்துக்கிட்டாரா? இல்ல, யாரோ எவரோன்னு நெனைச்சு ஏத்துக்கிட்டு, நீ ஊர்ப்பேரச் சொன்ன பொறகு கண்டுக்கிட்டாரா? நாந்தான்னு தெரியாம ஏத்துக்கிட்டிருந்தாத்தானே அது கொணம். எதுன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியல."

"மாமாகிட்டயே கேட்டிருக்கலாமில்லீங்க?"

"கேட்டா, நான் பரீட்சை வெச்சது தெரிஞ்சுபோயிருமே" என்றாள். இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தவள்!

எனக்குத் துணை என்றால் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்றுதான் அன்றைக்குத் தெரியும். பார்த்து வைத்துக்கொள்ளவும் ஒரு ஆள் வேண்டும் என்று தெரியாது. மாமா தொப்பியைக் கழற்றித் தலையைக் கையால் ஒதுக்கி, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது பூ ஒடிவதற்கு முன்னாலா, பின்னாலா? நான் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை மகளுக்கு இதை ஒரு வேண்டுகோளாக எழுதுகிறேன். நான் எழுதியதில் தப்பு இருந்தால் நீ திருத்து. லால்பாக் உனக்குப் பக்கம்தானே. பூக்கண்காட்சி நடக்கிற நாளில் போய், பெரிய வாசலிலிருந்து மூன்றாவது தூணோ நாலாவது தூணோ, அதன் பக்கத்தில் உங்கப்பா நின்ற மாதிரி நின்று பார். அங்கிருந்து கூட்டத்துக்குள் பூவைப் பார்த்து நிற்கிறவர்கள் முகம் தெரிகிறதா என்று சொல். தெரியவில்லை என்றால் உங்கம்மாவிடம் உடனே போய்ச் சொல். தெரிகிறது என்றால் எனக்கு மட்டும் சொல்.