சோகைக்குத் தீ வேண்டாம்

சுல்மிராவின் கொடியில் வெள்ளைத் துணி வெள்ளையாகக் காயத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்பெல்லாம் வெட்டுக்கு முந்தின நாள் கரும்புக்குத் தீ வைப்பார்கள். துணி முழுக்கக் கரித்துகள் படியும். அந்தப் புகையில் இருபது பருவம் கரும்பு வெட்டிய அவள் கணவர் ஜுராந்திர், இழுப்பு முற்றி, நாற்பத்தொன்பது வயதில் போய்ச் சேர்ந்தார். பிறகு எந்திரம் வந்தது, தீ நின்றது. வெட்டுக்கூலி வேலை பறிபோன சுல்மிரா, கரும்பு வயலையொட்டி ஏழு கறவை மாடுகளை வைத்துப் பிழைத்தாள்.

எரிக்காத சோகை, கரும்பின் காய்ந்த இலை, வயலிலேயே கிடந்து மண்ணைக் காத்தது. கரும்பிலிருந்து காருக்கு ஊற்றும் எத்தனால் வடித்து மிஞ்சிய கழிவுநீரை ஆலை அதன்மேலேயே உரமாகப் பாய்ச்சியது. ஊறிய சோகையில் ரத்தம் குடிக்கும் மாட்டு ஈ பெருகியது. மாடுகள் மேயவில்லை, படுக்கவில்லை; ஒண்டிக்கொண்டு காலை உதைத்தபடியே நின்றன. பால் பாதியாகிவிட்டது.

கழிவுநீர் லாரி ஓட்டுபவன் அவளுடைய தம்பி அடெனில்சன்தான்.

"ஊர்ல காரெல்லாம் உங்க ஆலைச் சாராயம் குடிச்சு ஓடுது. உங்க ஈ என் மாட்டைக் குடிக்குதுடா."

"குழாயத் திறன்னா திறக்கறேன், நான் என்னக்கா பண்ண?" அவன் ஒரு தாளை நீட்டினான். வேலியோரச் சோகையை ஒரே ஒரு முறை எரிக்கச் சம்மதம். அக்கம்பக்கத்தார் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. அவள் ஒருத்திதான் பாக்கி. "ஈப்புழு மொத்தமா வெந்துடும். மாடு வேணுமா வேணாமா?"

"வேணும்."

"அப்புறமென்ன?"

"உங்க மாமா மூச்சு இழுத்த சத்தம் உனக்குக் கேக்கல. பக்கத்துல படுத்தவ நான்." தாளை மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தாள். "வேலியோரம் சோகைய வாரிட்டுக் கழிவுத்தண்ணி விடு."

"ஆலை டிராக்டர் என்ன, உன் வீட்டு வெளக்குமாறா?"

"வெளக்குமாறு என்கிட்ட இருக்கு."

மறுநாள் பல் வைத்த வாரியை எடுத்துக்கொண்டு தானே இறங்கினாள். நான்கு நாள் வேலியோரம் அவள் குனிந்து நிமிர்வதை லாரியிலிருந்து பார்த்த அடெனில்சன், ஞாயிற்றுக்கிழமை வாரி பூட்டிய டிராக்டரோடு வந்தான்.

"மேனேஜர்கிட்ட கேட்டியாடா?"

"கேட்டேன். தலையில அடிச்சுக்கிட்டு, எடுத்துட்டுப் போன்னாரு."

ஈ ஒழியவில்லை, குறைந்தது. அதற்குள் இரண்டு மாடுகளை விற்றிருந்தாள். மிச்சமிருந்த ஐந்தில் மிமோசா, ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகப் படுத்து அசைபோட்டது. சுல்மிரா பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அது தானாக எழுந்திருக்கும்வரை காத்திருந்தாள்.