எட்ஃபு கோயில் வாசலில் நின்றவர்

குழந்தைவேலு சார் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஆபீசில் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். எங்கள் பார்சிப்பனியில் காலையிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. டெக்சாஸில், சுகர் லேண்டில் இருக்கும் அவருடைய மகள் கவிதா கூப்பிட்டாள். தமிழில் ஆரம்பித்துப் பாதியிலேயே ஆங்கிலத்துக்குப் போய்விட்டாள். இங்கே தன் வீட்டு டிரைவ்வேயில் பனியைத் தள்ளப் போனவர் அங்கேயே சரிந்திருக்கிறார். மாரடைப்பு. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "அக்கா எங்கே?" என்பதுதான். சரஸ்வதி அக்கா, சாரின் மனைவி, பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெண்மணியிடம் இருப்பதாகச் சொன்னாள். பனியில் செருப்பில்லாமல் தன் வீட்டையே சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தவரை அந்தப் பெண்மணிதான் உள்ளே அழைத்துப் போனாராம்.

நம் தமிழ்ச் சங்கத்துக்காரர்களுக்கு சாரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பொங்கல் விழாவில் எல்லோரும் மேடையைச் சுற்றி நிற்கும்போது, கடைசி வரிசை நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருப்பாரே, அவர்தான். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். எனக்கு அவர் ஆபீசிலும் மூத்தவர். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் கோபால் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய பழைய புரோகிராம்களை ஒய்டூகேவுக்காக, அதாவது இரண்டாயிரம் பிறக்கும்போது தேதி குழம்பாமல் இருக்க, திருத்தும் வேலையில் நான் அவருடைய டீமில் இருந்தேன். எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு புரோகிராம் படுத்துவிட்டால் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தப்பை ஓடி ஓடித் தேடுவேன், கூடவே எழுதினவனையும் திட்டுவேன். சார் வந்து பின்னால் நிற்பார். "தேடாதீங்க கண்ணு. அது வர்ற வழியில ஒரு எடத்துல நின்னு பாருங்க, தானா வரும்" என்பார். வரும். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

ஜனவரி பிறந்து எந்தக் கம்ப்யூட்டரும் செத்துப்போகவில்லை என்று தெரிந்ததும் எல்லோருக்கும் லீவு கொடுத்தார்கள். அப்போது சார்தான் எகிப்து போகலாம் என்றார். லக்ஸரிலிருந்து அஸ்வான்வரை நைல் நதியில் கப்பல், போகிற வழியெல்லாம் கோயில்கள், கூடவே ஒரு கைடு. டீமில் இருந்த நாலைந்து குடும்பங்கள் சேர்ந்துகொண்டோம். லீவு கிடைத்தால் ஊருக்கு டிக்கெட் போடும் கூட்டம் நாங்கள். எகிப்துக்கு எதற்கு என்று என் கணவரே முணுமுணுத்தார். நான் சாரிடம் நேராகவே கேட்டேன். "சரசு ஊர்ல ஹிஸ்டரி டீச்சருங்க. நைல் நதி பாடம் எத்தன வருஷம் எடுத்திருப்பா! ஒரு தடவ காட்டறேன்னு கல்யாணத்தப்பவே சொல்லிட்டேன்" என்றார். அது பாதி உண்மை என்று பிறகுதான் தெரிந்தது.

மீதிப் பாதி லக்ஸரில், கர்னாக் கோயிலில் தெரிந்தது. அங்கே குளக்கரையில் கல்லில் செதுக்கிய பெரிய வண்டு ஒன்று பீடத்தின் மேல் இருக்கிறது. அதைச் சுற்றி வந்தால் நினைத்தது நடக்கும் என்று எங்கள் கைடு மஹ்மூத் சொன்னார். உலகத்து டூரிஸ்டெல்லாம் இடமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சார் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வலமாகக் கிளம்பினார். எதிரே வந்த ஜெர்மன்காரர்கள் மேல் இடித்துக்கொண்டு, "கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு போனார். எங்களுக்குச் சிரித்து மாளவில்லை. மஹ்மூத் வந்து, "மக்காவிலேயே நாங்கள் இந்தப் பக்கமாகத்தான் சுற்றுவோம்" என்றார். "உங்களுக்கு அது சரிங்க. எங்களுக்கு இடஞ்சுத்தறது பெரிய காரியத்துக்குங்க, செத்தவங்களுக்கு" என்று சார் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மஹ்மூத் நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டினார். அக்கா என்னைப் பார்த்துப் புன்னகை செய்து, "நீங்க எந்த ஊருங்க கண்ணு?" என்று கேட்டார். அதற்குள் எத்தனையோ வருடமாக அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன். சார் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்பல் லக்ஸரைவிட்டுத் தெற்கே நகர்ந்தது. மறுநாள் காலை எட்ஃபுவில் இறங்கிக் குதிரை வண்டிகளில் கோயிலுக்குப் போனோம். இடிந்த தூண்களையே பார்த்து வந்த எங்களுக்கு அந்தக் கோயில் ஒரு அதிர்ச்சி. முழுசாக நிற்கிறது. கோபுரம் மாதிரி உயர்ந்த வாசல், அதைத் தாண்டினால் பெரிய முற்றம், முற்றத்துக்கு அப்பால் மண்டபம், அதற்கும் உள்ளே இருட்டில் கருவறை. கோயிலுக்கும் வெளிமதிலுக்கும் நடுவில் ஆள் உயரத்தைப்போல நாலைந்து மடங்கு உயர்ந்த சுவர்களோடு பிராகாரமே இருக்கிறது. மண்டப வாசலில் கல்லில் ஒரு பெரிய பருந்து. அதைப் பார்த்ததும் எங்கள் கூட்டம் மொத்தமும் ஒரே குரலில் "கருடன்!" என்றது. அது அவர்களுடைய ஹோரஸ் சாமி என்று மஹ்மூத் பாடுபட்டு விளக்கினார். யார் கேட்டார்கள்? இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் அக்கா காணாமல் போனார். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க சார் ஒரு நிமிடம் கையை விட்டிருக்கிறார். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. எங்கே பார்த்தாலும் டூரிஸ்டு கூட்டம், எல்லார் தலையிலும் ஒரே மாதிரி தொப்பி. நான் கத்தினேன். என் கணவர் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் ஓடினார்கள். டூரிஸ்டுகளின் காவலுக்காக எங்களோடு துப்பாக்கியோடு வந்த போலீஸ்காரர் வாசலுக்கு ஓடினார். மஹ்மூதின் முகம் வெளுத்துவிட்டது. சார் மட்டும் அந்தக் கல் பருந்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். எனக்கு வந்ததே கோபம். "என்ன சார் நிக்கறீங்க? வாங்க சார், தேடலாம்! அவங்க வெளியில போயிட்டா என்ன பண்றது?" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நில்லுங்க கண்ணு" என்றார். "எல்லாரும் ஓடுனா அவ யாரப் பாத்து வருவா? கோயிலுங்க இது. அவ வலஞ்சுத்தித்தான் வருவா."

நின்றோம். அவருடைய வாய்தான் அப்படிச் சொன்னதே தவிர, பாட்டில் தண்ணீர் அவர் சட்டையெல்லாம் சிந்தியிருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் வலப்பக்கத்துப் பிராகாரத்திலிருந்து சரஸ்வதி அக்கா நடந்து வந்தார். கை கூப்பியபடி, ஒவ்வொரு சுவரையும் ஏறிட்டுப் பார்த்துக்கொண்டு, ஊர்க் கோயிலில் நடக்கிற அதே நடை. சாரைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "ஏனுங்க, எங்க போயிட்டீங்க? உங்களத் தேடிக்கிட்டு ஒரு சுத்து சுத்திட்டு வர்றனுங்க" என்றார், பள்ளிக்கூடத்தில் பையன்களை அதட்டுகிற குரலில். "இங்கயேதான் நின்னுட்டு இருக்கேன் சரசு" என்றார் சார். மஹ்மூத் அப்படியே கல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று பிற்பகல் கப்பல் அடுத்த ஊரான கோம் ஓம்போவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மேல்தளத்தில் அக்கா நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கரையிலும் கரும்பும் பேரீச்சையும். பார்த்தால் பவானிக் கரை மாதிரிதான் இருந்தது. சார் தானாகவே பேசினார். ஒரு வருடத்துக்கு மேலாக இப்படி இருக்கிறதாம். டாக்டர் ஒரு பேர் சொன்னாராம், அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அக்கா பிரிட்ஜைத் திறந்து எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் நிற்பார். மளிகைக் கடையில் தொலைந்து போலீஸ் வந்திருக்கிறது. கோயிலில் மட்டும் தொலைவதில்லை. எந்தக் கூட்டத்தில் விட்டாலும் கால்கள் வலமாகவே போய்ப் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடுகின்றன. "அதனாலதானுங்க கோயிலாப் பாத்துக் கூட்டிட்டு வந்தேன். இன்னும் நெனப்பு இருக்கறப்பவே நைலப் பாத்துரட்டும்னு."

"ஊருக்கே கூட்டிட்டுப் போயிருக்கலாமே சார்? அங்க இல்லாத கோயிலா?"

"அங்க போனா ஆளாளுக்கு வந்து இவ மூஞ்சியப் பாத்து 'நான் யாரு சொல்லு, நான் யாரு சொல்லு'ம்பாங்க. பரிட்ச வைப்பாங்க. டீச்சருங்க அவ." சொல்லிவிட்டு, தூங்குகிற அக்காவின் தோளில் நழுவியிருந்த சேலையைச் சரிசெய்தார். பிறகு, "எனக்கு ஒரே பயந்தானுங்க. நான் முந்திப் போயிட்டா இவ சுத்திக்கிட்டே இருப்பா. நிக்க ஆளு இருக்காது" என்றார். "வாயக் கழுவுங்க சார்" என்று சொல்லிவிட்டு நான் எழுந்து கம்பியோரம் போய் நின்றுகொண்டேன். அழுகிறேன் என்று காட்டிக்கொள்வது எனக்குப் பிடிக்காது.

அஸ்வானில் கப்பலைவிட்டு இறங்கும்போது அக்கா மஹ்மூதிடம், "நல்லாப் பாடம் எடுத்தீங்க தம்பி" என்று சுத்தமான தமிழில் சொன்னார். வீடு திரும்பிய பிறகு அந்தப் பயணம் அவருக்குச் சுத்தமாக நினைவில்லை. போட்டோக்களைக் காட்டினால் யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்பார். சார் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "பாத்துட்டா இல்லீங்களா, அது போதும்" என்றார். அடுத்த குளிர்காலம் முடிவதற்குள் அவரே போய்விட்டார்.

ஃபியூனரல் ஹோமில் உங்களில் பலர் இருந்தீர்கள். நடந்தது பின் வரிசைக்குத் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். பெட்டியில் சாருக்குக் கோட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். வாழ்நாளில் அவர் அப்படி மடிப்புக் கலையாமல் இருந்ததில்லை. சடங்கு செய்ய வந்தவர், இடமாகச் சுற்றி வாய்க்கரிசி போட வேண்டும் என்றார். கவிதா அம்மாவின் கையில் அரிசியைக் கொடுத்தாள். அக்கா வலமாக நடக்க ஆரம்பித்தார். "அம்மா, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று சடங்கு செய்தவர் கைகாட்டினார். அக்கா நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கோயில்ல நீங்க இப்படித்தான் சுத்துவீங்களா?" என்றார். பழைய டீச்சர் குரல். அவர் வலமாகவே சுற்றி முடித்தார். சுற்றி வந்து சாரின் முகத்துக்கு நேரே நின்று, "ஏனுங்க, எங்க போயிட்டீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார்.

அந்தப் பதில் எகிப்து போயிருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் ஆள் இல்லை. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற நாங்கள் அத்தனை பேரும் அவர் போன வழியிலேயே வலமாகச் சுற்றினோம். சடங்கு செய்தவர் தடுக்கவில்லை.

கவிதா அம்மாவைச் சுகர் லேண்டுக்குக் கூட்டிப் போக ஏற்பாடு செய்தாள். கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மூவரும் நம் கோயிலுக்குப் போனோம். கவிதா செருப்பைக் கழற்றக் குனிந்தாள், நிமிர்வதற்குள் அக்காவைக் காணவில்லை. "ஆன்ட்டி! ஷீ இஸ் கான்! நைன் ஒன் ஒன் கூப்பிடணும், பார்க்கிங் லாட்ல பாக்கணும்" என்று ஓடப்போனாள். எகிப்தில் நான் ஓடப்போன மாதிரியே. அவள் கையைப் பிடித்துக் கொடிமரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். நானும் நின்றேன். சாரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். என்னைப்போல ஓடித் திரிகிறவளுக்கு அவர் விட்டுப்போனது, அசையாமல் ஓரிடத்தில் நிற்பது. அதைக் கவிதாவுக்கும் கொஞ்சம் கொடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. "இங்கயே நில்லும்மா. உங்க அப்பா இப்படித்தான் நிப்பார். டெக்சாஸ்லயும் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ, போனா வாசல்ல நில்லு" என்றேன். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

வலப்பக்கத்திலிருந்து அக்கா வந்தார். கை கூப்பியபடி, அதே நடை. எங்களைப் பார்த்தார். எங்கள் இருவரில் யாரையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் நாங்கள் எதற்காக நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டவர்போல வந்து என் பக்கத்தில் நின்றார். கவிதாவின் கன்னத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

"அழுவாதீங்க கண்ணு. எங்கயும் போயிருக்க மாட்டாருங்க" என்றார். "கோயிலுங்க இது. வலஞ்சுத்தித்தான் வருவாரு. சித்த நேரம் நிப்போம்."

மூன்று பேரும் நின்றோம்.