திருப்பி மாட்டிய கதவு

காலி பண்ண மாட்டேன்.

மூன்று மாதமாக என் மனதுக்குள் ஓடிய வாக்கியம் இது. வாய் திறந்து யாரிடமும் சொன்னதில்லை. அதனால்தான் போன சித்திரையில் நடந்ததைப் பிரமை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. ராத்திரி இல்லை, பட்டப்பகல். எனக்குக் காய்ச்சலும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் கணவர் பாலகுமாருக்கு அந்த மாதக் கடைசியில் ரிட்டயர்மென்ட். இருபத்தாறு வருஷம் இருந்த சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸை ஒப்படைக்க வேண்டும். அலைந்து அலைந்து பக்கத்து ஊரான வடக்குத்தில் ஒரு வீடு விலைக்கு அமைந்தது. புது டைல்ஸ், புது பெயின்ட். என் பெயரில் வாங்குவதாகப் பேச்சு. இதை விட்டால் நமக்கு வேறு இடமில்லை என்று அவர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்ரிமென்ட்டுக்கு முந்தின நாள், ஜன்னல் திரைக்கு அளவெடுக்க நான் மட்டும் போனேன். மணி 1.50. சாவி கொடுத்த புரோக்கர் தைரியநாதன் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். உள்ளறைக்கு மட்டும் பழைய கதவு. சுரங்கத்துக்கு நிலம் போன ஊரில் ஒரு வீட்டுத் தலைவாசலில் இருந்ததாம். தச்சர் அதைத் திருப்பி மாட்டிவிட்டார். தெருவைப் பார்த்திருந்த பூவேலை இப்போது அறைக்குள். வீட்டுக்குள் இருந்த பக்கம் இப்போது ஹாலைப் பார்த்தது. "படுத்துக்கினே பூவ பாத்துக்கினு இருக்கலாம்க்கா" என்று தைரியநாதன் முதல் நாளே சிரித்திருந்தார்.

அறைக்குள் போய் டேப்பை நீட்டினேன். சுரங்கத்தில் ரெண்டு மணி ஷிப்டுச் சங்கு ஊதியது. அது அடங்கியதும் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. காற்றே இல்லை.

க்ர்ர்ர்… டக்.

ஹால் பக்கம் தாழ்ப்பாள் விழும் சத்தம்.

"தைரியநாதன்?"

தள்ளினேன், அசையவில்லை. போன் ஹாலில், கைப்பையில். ஜன்னல் கம்பிக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர்.

வாட்சைப் பார்த்தேன். 2.07. கதவில் காது வைத்தேன். அந்தப் பக்கம் மூச்சு… இளைக்கும் மூச்சு. என் முழங்கால் உயரத்தில். யாரோ கதவில் முதுகை அழுத்தி உட்கார்ந்திருப்பது போல.

அப்போதுதான் உறைத்தது. அந்தக் கதவுக்கு, நான் நின்றது தெரு.

2.15. தட்டினேன்.

"காலி பண்ண மாட்டேன்… போங்க."

என் வாக்கியம்.

குரல் என்னுடையதில்லை.

2.31. கதவு திறந்தது. தைரியநாதன் ஒரு விரலால் இழுத்தபடி நின்றார். "சும்மா சாத்திக்கினுதானக்கா இருந்துச்சு?"

ஹால் பக்கம் வந்து பார்த்தேன். தாழ்ப்பாளே இல்லை. துருப்பிடித்த நான்கு ஆணித் துளைகள்.

தாழ்ப்பாள் எங்கே என்று கேட்டேன். மழுப்பினார். நான் விடவில்லை. ஊரே கிளம்பிப் போன பிறகும், அந்த வீட்டு மாணிக்கம்மாள் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு இருந்தாராம். மூன்றாம் நாள் மகன்கள் கடப்பாரை போட்டார்கள். தாழ்ப்பாள் பெயர்ந்து வந்துவிட்டது. கதவு மட்டும் திறக்கவில்லை.

"அதுலயே சாஞ்சிக்கினு செத்திருந்துச்சுக்கா."

மறுநாள் காலை 10.40. பாலகுமார் பேனாவை நீட்டினார்.

"போடு வளரு. இதுவும் இல்லன்னா எங்க போறது?"

எனக்கும் தெரியாது. பேனாவை மூடி வைத்தேன்.

"அங்க ஆள் இருக்காங்க. நான் போடலீங்க."